கப்பலில் வந்த ராலிக்கு உதிரி தேடிய அனுபவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, மன்னார்குடிக்குப் பக்கத்தில் பாமணியாற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டின் கொல்லைப்புற ஓட்டுக் கொட்டகை சரிந்து விழுந்தது. சாய்ந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்தி, உடைந்த ஓடுகளை அள்ளி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அந்தக் குவியலுக்கு அடியில், சுவரில் சாத்தி வைத்த நிலையிலேயே, இங்கிலாந்தில் செய்த தாத்தாவின் ராலி சைக்கிள் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத வண்டி அது. முன் மட்கார்டு நசுங்கியிருந்தது; சீட்டின் தோல் மூக்குப் பகுதியில் கிழிந்து தொங்கியது; செயின் கவரின் அடிப்பாகம் கையால் தொட்டாலே உதிர்ந்தது. புயலுக்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய இரும்பு வியாபாரி எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னபோது, அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அந்த மறுப்பிலிருந்துதான் என்னுடைய நான்கரை ஆண்டுத் தேடல் தொடங்கியது.

இந்த வண்டி எங்கள் பக்கத்துக் கடையில் வாங்கியது அன்று. தாத்தா பினாங்கில் ஒரு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். 1956இல் ஊர் திரும்பியபோது, ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குத் தன்னோடு கொண்டுவந்த சாமான்களில் இந்தச் சைக்கிளும் ஒன்று. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்குகளையும் படகில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். படகிலிருந்து வண்டியை இறக்கும்போது உப்புத் தண்ணீர் பட்டுவிட்டதென்று, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிணற்று நீரில் கழுவித் துடைத்தாராம். அவர் அதை ஏன் அவ்வளவு தூரம் கொண்டுவந்தார் என்பதற்கான காரணம் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அது மூன்று கியர் வைத்த வண்டி. மேடு பள்ளம் இல்லாத டெல்டாவில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள், ஆடி மாதத்தில் திருவாரூரிலிருந்து மன்னார்குடிக்கு மேற்கு முகமாகச் சைக்கிள் மிதித்திருக்க மாட்டார்கள்.

தொடக்கத்தில் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் இறங்கும் பெரும்பாலோர் அதையே செய்கிறார்கள். வண்டியை அளந்து பார்ப்பதற்கு முன்பே உதிரிகளை வாங்கத் தொடங்கினேன். வெளியூர் விற்பனையாளர் ஒருவர் படம் அனுப்பிய, ராலி முத்திரை ஒட்டிய முன்சக்கர ஹப்பை, அதாவது கம்பிகள் கோக்கும் நடு உருளையை, பணம் அனுப்பி வாங்கினேன். வந்து சேர்ந்ததும் முத்திரையைச் சுரண்டிப் பார்த்தால் அது அண்மைக்காலத் தயாரிப்பு. துளைகளும் 36 இருந்தன. எங்கள் முன்சக்கரத்துக்கு வேண்டியதோ 32. இங்கிலாந்து வழக்கப்படி முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பியும் பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பியும் போடுவார்கள். நம் நாட்டுப் பெரிய சைக்கிள்களும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன. நான் செய்திருக்க வேண்டிய வேலை கம்பிகளை எண்ணுவது. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அதன் பிறகு மூன்று மாதம் எதையும் வாங்காமல், வண்டி யார் என்று தெரிந்துகொள்வதிலேயே செலவிட்டேன். வண்டியின் வயதைச் சொல்ல மிகவும் நம்பத்தக்க சான்று பின்சக்கர ஹப்பில் கிடைத்தது. நாட்டிங்காமில் தயாரான ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப்புகளின் உடலில், வகையைக் குறிக்கும் எழுத்துகளோடு ஆண்டையும் மாதத்தையும் பொறித்திருப்பார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை மெல்லத் துடைத்தபோது, ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும், 53 என்ற எண்ணும், சற்று இடம்விட்டு 4 என்ற எண்ணும் தெரிந்தன. அதாவது ஹப் தயாரானது 1953 ஏப்ரல். ஹப் தயாராகி, வண்டியில் பூட்டப்பட்டு, பினாங்குக் கடைக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஆகவே தாத்தா வாங்கியது 1953இன் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ இருக்க வேண்டும். பின்சக்கரம் ஒருவேளை பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்பதால், இந்த ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. முன் செயின் சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருந்தன. நாரை ராலி நிறுவனத்தின் சின்னம். ஆற்றங்கரையில் கொக்கும் நாரையும் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சக்கரத்தின் துருவை நீக்கியபோது ஒவ்வொரு தலையாக வெளிப்பட்டதை மறக்க முடியாது.

இரும்பு சொல்லாததை இரண்டு சான்றுகள் சொல்லின. ஒன்று, 1962இல் மன்னார்குடி ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம். அக்காலத்தில் சைக்கிளையும் உடன் நிறுத்திப் படமெடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்ததால், விளக்கு எந்தப் பக்கம், பெல் எந்தப் பக்கம், கேரியர் எந்த வகை என்பதெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது, திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அத்தை. படத்தைக் காட்டியதும் அவர், “டைனமோ பின்னாடி வந்ததுடா. அப்பா வந்து ரெண்டு வருஷம் கழிச்சுப் போட்டது. முதல்ல எண்ணெய் விளக்குதான்” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய சிக்கலை உண்டாக்கியது.

ஏனென்றால், காலத்துக்குப் பொருந்தும் உதிரி என்று சொல்கிறோமே, அது எந்தக் காலம்? பினாங்குக் கடையிலிருந்து வெளியே வந்த நாளா, மன்னார்குடி ஸ்டுடியோவில் நின்ற நாளா? தொழிற்சாலை நிலைக்கே கொண்டுபோவதென்றால், கனமான நாட்டுக் கேரியரையும், இரட்டைக் கால் ஸ்டாண்டையும், பட்டறையில் பித்தளை வைத்துப் பற்றிய பின் மட்கார்டுக் கம்பியையும் கழற்றிப் போட வேண்டும். ஆனால் என் அப்பாவும் அத்தையும் அந்தக் கேரியரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். விதைநெல் மூட்டை அதில்தான் வந்தது. பல நாள் யோசித்து, 1962ஆம் ஆண்டுப் படமே என் அளவுகோல் என்று முடிவு செய்தேன். படத்தில் இருப்பது இருக்கும். படத்துக்குப் பிறகு சேர்ந்தது போகும். அதன்படி, 1980களில் போட்ட பிளாஸ்டிக் கைப்பிடியும் பச்சை நிற செயினும் நீங்கின. கேரியரும் ஸ்டாண்டும் நின்றன. இப்படி ஓர் ஆண்டை நிறுத்திக்கொள்ளாமல் தொடங்குபவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வாதம் செய்துகொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பிரிக்கும் வேலையில் எனக்கு மிகவும் அச்சமூட்டியது, மிதி பூட்டும் கையான கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு போன்ற காட்டர் பின். பல ஆண்டுத் துருவில் இறுகிப்போன காட்டர் பின்னை நேரடியாகச் சுத்தியால் அடித்தால், பின்னின் திருகு முனை வளையும். அடியின் வேகம் பால்ஸ் ஓடும் தடத்தில் இறங்கிக் குழி விழும். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து நான்கு நாள் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு, பின்னின் தலை உள்ளே புகும் அளவு வாய் அகன்ற ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து கிராங்குக்கு முட்டுக்கொடுத்து, நட்டைக் கடைசி இரண்டு சுற்றில் விட்டுவைத்து, செம்புத் துண்டு ஒன்றை இடையில் வைத்து ஒரே அடியாக அடித்தேன். இடப்பக்கம் முதல் அடியிலேயே வந்தது. வலப்பக்கம் மூன்றாவது அடியில். தயங்கித் தயங்கிச் சிறு அடியாக அடிப்பதுதான் பின்னை நசுக்குகிறது. புதிய பின் வாங்கும்போதும் அளவு பார்க்க வேண்டும். ராலி கிராங்குக்கு 9.5 மில்லிமீட்டர் பின் வேண்டும். அரை மில்லிமீட்டர் மெலிந்த பின்னும் கடைகளில் உண்டு, அது உள்ளே போய்விடும், ஆனால் நிற்காது. பின்னின் சரிவை அரத்தால் தேய்த்து, இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பொருத்தினால்தான் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

கிராங்கைக் கழற்றியதும் உண்மையான சோதனை வந்தது. கிராங்கின் அச்சும் பால்ஸும் சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப்புகள் இரண்டிலும் குழி விழுந்திருந்தன. எங்கள் பக்கத்துக் கடையில் புதிய கப்பு கொடுத்தார்கள். விட்டமும் தோற்றமும் பழையதைப் போலவே இருந்தன. ஒன்றரைச் சுற்று எளிதாகப் போய், பிறகு இறுகிக்கொண்டது. மெக்கானிக் அழுத்தித் திருகினால் போய்விடும் என்றார், நானும் தலையாட்டினேன். கப்பை வெளியே எடுத்தபோது, சட்டகத்தின் முதல் இரண்டு திருகுப் பற்கள் சிதைந்திருந்தன. காரணம் பின்னால்தான் தெரிந்தது. சைக்கிள் உலகில் பொதுவாக இந்த இடத்தில் அங்குலத்துக்கு 24 பற்கள் கொண்ட திருகு. ராலி மட்டும் தன் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 பற்கள் வைத்தது. விட்டம் ஒன்றாகவே இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஹேண்டில் தலைக் கப்புகளிலும் இதே 26 பல் கணக்குதான்.

இதைக் கண்டுபிடிக்கத் திருகு அளவி இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: வண்டியிலிருந்து கழற்றிய பழைய கப்பின் பற்களையும், வாங்கப்போகும் கப்பின் பற்களையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். முழு நீளத்துக்கும் ஒளி புகாமல் பற்கள் கோத்துக்கொண்டால் அவை ஒரே அளவு. ஒரு முனையில் கோத்து மறுமுனையில் ஏறி நின்றால் வேறு அளவு. அன்றிலிருந்து பழைய கப்பு ஒன்று என் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: செயின் பக்கத்துக் கப்புக்கு இடப்புறத் திருகு. வழக்கம்போலத் திருப்பினால் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்போம்.

பொருந்தும் கப்பு நீடாமங்கலத்தில் கிடைத்தது. அங்கே ஒரு காலத்தில் நாற்பது வாடகை சைக்கிள் ஓடிய கடையை நடத்திய அண்ணன் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. இப்போது பஞ்சர் ஒட்டுவதும் வீல் கோட்டம் எடுப்பதும் மட்டும்தான். நான் பையிலிருந்து கப்பை எடுத்துக் கொடுத்ததும், கண்ணாடி போடாமலேயே நகத்தால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது ராலி பல்லு தம்பி. புதுசு தேடாதீங்க, செத்த வண்டியைத் தேடுங்க” என்றார். அவருடைய பரணில், மரப்பெட்டிகளில், பழைய சென் ராலி சட்டகம் ஒன்றிலிருந்து கழற்றிய கப்புகள் இருந்தன. ராலியின் கூட்டில் 1950களின் தொடக்கத்தில் வங்காளத்தின் ஆசன்சோலில் வண்டி தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் சென் ராலி. அந்தக் கப்பை என் பழைய கப்போடு சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது முழு நீளத்துக்கும் கோத்துக்கொண்டது. சிதைந்த பற்களைச் சரிசெய்யும் வழியையும் அவரே சொல்லிக்கொடுத்தார்: குழி விழுந்த பழைய கப்பின் திருகில் அரத்தால் குறுக்கே நான்கு காடிகள் வெட்டி, எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே அரைக்கால் சுற்று பின்னே என்று மெல்லச் செலுத்தினால், அது சட்டகத்தின் பற்களைச் சுத்தம் செய்துகொண்டே உள்ளே போகும். ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. பிறகு பரணிலிருந்து எடுத்த கப்பு விரலாலேயே ஏறியது. பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ஸ் வைத்து கிரீஸ் போட்டு மூடினேன். ஹேண்டில் தலைக்கு மேலும் கீழும் 25 என்று அங்குலத்தில் 32இல் 5 பங்கு அளவுள்ள சிறிய பால்ஸ். பால்ஸ் மட்டும் பழையதைத் தேடவே கூடாது. புதியதை, ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போட வேண்டும்.

அந்தப் பரணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்யத் தொடங்கி, உள்நாட்டு உதிரிகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், இங்கிலாந்துச் சரக்கு விற்காமல் தேங்கியதாக அண்ணன் சொன்னார். விற்காததைத் தூக்கிப் போட மனமில்லாமல் பரணில் ஏற்றியிருக்கிறார். மெழுகுத்தாள் பிரிக்காத காட்டர் பின்கள், லூகாஸ் பெல்லின் மூடி, 6 வோல்ட் பல்புகள், 40 துளை கொண்ட டன்லப் ரிம் ஒன்று ஆகியவை அங்கே இருந்தன. வாடகை சைக்கிள் கடைகள் ஒரு வண்டி ஓட்டத்துக்கு உதவாமல் போனால் அதை எடைக்குப் போடாமல் பிரித்து அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளும். எனவே, கும்பகோணத்திலும் திருச்சியிலும் பழைய இரும்புக் கடைகளில் நான் அலைந்த பல வாரங்களில் கிடைக்காதது, ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் விட்ட கடைகளில் கிடைத்தது. அங்கே போகும்போது படத்தைக் காட்டிக் கேட்பதைவிட, கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்துக் கேட்பது நல்லது. கை பட்டதும் அவர்களுக்கு நினைவு வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் பழையதாகத் தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 28க்கு ஒன்றரை அங்குல டயரும் டியூபும், ராடு பிரேக்குக்கான பிரேக் கட்டையும், போக்ஸ் கம்பியும், வால்டியூப் ரப்பரும் இன்றும் நம் நாட்டில் தயாராகின்றன. மன்னார்குடியில் காலையில் கேட்டால் மதியம் கையில் இருக்கும். வெளிநாடுகளில் இதே வண்டியை வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்களைப் புதிதாகவே போட்டேன். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ரப்பரை நம்பிச் சாலையில் இறங்குவது ஆபத்து.

கியர் ஹப் சுழலவே இல்லை. அதைப் பிரித்தபோது உள்ளே பழுப்பு நிற அரக்குப் போன்ற ஒன்று பற்சக்கரங்களை ஒட்டிப் பிடித்திருந்தது. அப்பா வீட்டிலிருந்த சமையல் எண்ணெயையே பல ஆண்டுகள் விட்டுவந்தார் என்பது அம்மா சொல்லித் தெரிந்தது. பல தாவர எண்ணெய்கள் நாளடைவில் காற்றுப் பட்டு இறுகிப் பிசினாகிவிடும்; ஹப்புக்கு விட வேண்டியது தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயோ, 30 எண் எஞ்சின் ஆயிலோதான். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துத் தூரிகையால் கழுவியபோது, எழுபது ஆண்டுப் பற்கள் புதியவை போல வெளிவந்தன. ஒரு பல்லும் உடையவில்லை. பிசின் ஒரு வகையில் அவற்றைத் துருவிலிருந்து காத்திருந்தது. பின்பக்கப் பல்சக்கரம் ஒரு முறை சுற்றினால், பின்சக்கரம் கீழ் கியரில் முக்கால் பங்கும், நடு கியரில் நேராகவும், மேல் கியரில் ஒன்றே காலுக்குச் சற்று மேலாக, அதாவது 133 விழுக்காடும் சுற்றும்.

உள்ளே நல்லபடியாக இருந்தாலும், ஹேண்டிலில் இருக்க வேண்டிய கியர் விசையும், அச்சுக்குள் புகும் சிறு சங்கிலிக் கம்பியும் காணாமல் போயிருந்தன. இவை டெல்டாவில் எந்தப் பரணிலும் இல்லை. வண்டி வந்த வழியிலேயே தேட வேண்டும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மலேசியாவில் பழைய சைக்கிள்களைச் சேர்ப்பவர்கள் மிகப் பலர்; தாத்தாவின் தம்பி குடும்பம் இன்னும் பினாங்கில் இருக்கிறது. அந்த வீட்டு அண்ணனுக்கு, ஹப்பின் பொறிப்பையும், அச்சின் நீளத்தையும், 1962 படத்தில் விசை தெரியும் பகுதியையும் அனுப்பினேன். அச்சின் நீளத்துக்கு ஏற்பச் சங்கிலிக் கம்பியின் நீளமும் மாறும் என்பதால் அந்த அளவு இல்லாமல் கேட்பது வீண். பெருந்தொற்றுக் காலம் குறுக்கிட்டதால் இரண்டு ஆண்டுகள் கடந்தன. 2022இல் அவர் ஊருக்கு வந்தபோது, பிற்காலத்தில் பிளாஸ்டிக் உறையோடு வந்த விசைகளை ஒதுக்கிவிட்டு, முழுக்க உலோகத்தால் ஆன பழைய விசை ஒன்றைத் தேடி எடுத்து வந்திருந்தார். அதைத் தகப்பன் வீட்டுச் சீரைப் போல இரு கையாலும் வாங்கினேன்.

விசையைப் பூட்டியபின் செய்ய வேண்டிய சரிபார்ப்பு ஒன்றை யாரும் விட்டுவிடக் கூடாது. நடு கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பார்த்தால், சங்கிலிக் கம்பியின் தண்டு முனை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். தளர்ந்தோ இழுபட்டோ இருந்தால், நடு கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் மிதி பிடிமானமற்றுச் சுழலும் ஓரிடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே சிக்கினால் கால் நழுவிப் பார் மீது விழுவோம். எனக்குப் பாமணியாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் ஒரு முறை அப்படி நேர்ந்து, முழங்கால் சிராய்த்தது.

முலாம் விஷயத்தில் நான் இழந்தது திரும்பாது. பின்சக்கரத்தின் பழைய ரிம் கம்பித் துளைகளைச் சுற்றி அரித்துப் போயிருந்ததால், நீடாமங்கலத்து அண்ணனிடம் கிடைத்த டன்லப் ரிம்மைக் குரோமியம் முலாம் பூசக் கொடுத்தேன். பூசுவதற்கு முன் துரு போகத் தேய்ப்பார்கள் என்பது தெரியும். எவ்வளவு தேய்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி போல் பளபளக்கும் ரிம் திரும்பி வந்தது, அதில் டன்லப் என்ற பொறிப்பும் இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்ற வரியும் மறைந்திருந்தன. அதன்பின் முன் ரிம்மைக் கொடுக்கவே இல்லை. அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே துருவின் பெரும்பகுதி போய், எஞ்சிய குரோமியம் மினுங்குகிறது. முலாம் பட்டறைக்குக் கொடுத்தே ஆக வேண்டியவர்கள், பொறிப்புள்ள இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அங்கே தேய்ப்புச் சக்கரம் படக்கூடாதென்று எழுதிக் கொடுத்து, முன்கூட்டியே படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செயின் கவருக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. சேறும் உப்புக்காற்றும் உள்ள நம் மண்ணில் முதலில் அழிவது அதன் அடிப்பாகமே. மன்னார்குடியில் தகரப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், மேல் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, கீழ்ப் பாதியைப் புதுத் தகட்டில் அடித்து, ஓரத்தை மடித்து, பற்று வைத்து இணைத்துக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் இணைப்புத் தெரியும். அதை மறைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சீட்டு புரூக்ஸ் நிறுவனத்துடையது. அடியிலிருந்த சுருள் கம்பிகளும் இரும்புச் சட்டமும் நன்றாக இருந்ததால், தோலை மட்டும் மாற்றினோம். தென்னாட்டுப் பழைய முறையில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் பெருமையைச் செருப்புத் தைக்கும் தாத்தா ஒருவர்தான் சொன்னார். ரசாயனத்தில் பதனிட்ட மென்தோல் இதற்கு உதவாது, நனைத்து இழுத்தால் வடிவம் நிற்காது. ஐந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள, பட்டையில் பதனிட்ட எருமைத் தோல் திண்டுக்கல்லிலிருந்து வந்தது. அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மரக்கட்டையில் செதுக்கிய அச்சின் மீது இழுத்துக் கட்டி, நிழலில் ஆறு நாள் உலரவிட்டு, பழைய செம்பு ஆணிகளையே திரும்ப அடித்தார். கூலியை அவர் கேட்டதற்கு மேல் கொடுத்தேன். அந்தக் கைவேலைக்கு அதுவும் குறைவு.

வண்ணம் பூசவில்லை. கறுப்பு எனாமல் உதிர்ந்த இடங்களில் துருவை மட்டும் நீக்கி, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய படலமாகத் தேய்த்து உலரவிட்டேன். தலைக்குழாயில் பாதி அழிந்த ராலி முத்திரை அப்படியே இருக்கிறது. ஆனால் ஹேண்டிலுக்குக் கீழே கட்டியிருந்த பித்தளை வரி வில்லை விஷயத்தில் அவசரப்பட்டேன். பாத்திரம் துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கியதில், 1961 என்ற எண்ணின் பள்ளங்களில் படிந்திருந்த கருமை போய், எண்ணே மங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் வரி கட்டி வில்லை வாங்கிய காலத்தின் சாட்சி அது. துணியால் துடைத்திருந்தால் போதும்.

2023 ஆடியில் திருவாரூரிலிருந்து வீடு வரை ஓட்டிவந்தேன். மேட்டூர் நீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்திருந்தன. எதிர்காற்று முகத்தில் அறைந்தது. மிதிக்காமல் உருளவிட்டபோது, கீழ் கியரில் ஹப் டிக் டிக்கென்று ஒலி எழுப்பாமல் அமைதியாகவும், மேல் கியருக்கு மாறியதும் மெல்லத் துடிப்பது போலவும் ஓடியது என்று அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் மறுத்தார்: “இல்லடா, மிதிக்காம விட்டா எல்லா கியர்லயும் சத்தம் வரும். அப்பா தெரு முனை திரும்பும்போதே எங்களுக்குக் கேட்கும்.” மறுநாள் ஹப்பைத் திறந்து பார்த்தபோது, கிரீஸை நான் அளவுக்கு மேல் அப்பியிருந்ததால் உள்ளிருக்கும் பற்கொக்கிகள் ஒட்டிக்கொண்டு சரியாக எழும்பாமல் இருந்தன. கிரீஸைத் துடைத்துவிட்டு எண்ணெய் மட்டும் விட்டேன். இப்போது மிதிக்காமல் உருளவிட்டால் மூன்று கியரிலும் ஒலி கேட்கிறது.

முன் விளக்கின் கண்ணாடி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. மில்லர் என்று பொறித்த டைனமோ விளக்கு. அதன் வாயை அளந்து அட்டையில் வட்டம் வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் நாகூர்ப் பக்கம் போகும் வேலை இருக்கிறது. அங்கே கப்பல் சாமான் விற்ற பழைய கடை ஒன்றின் பரணைத் திறந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.